ஏவுகணை வந்து விழ எத்தனை நொடி?

1944 செப்டம்பர் 8, மாலை. லண்டனின் சிஸ்விக் பகுதியில் ஸ்டேவ்லி சாலை திடீரென்று வெடித்துச் சிதறியது. மூன்று பேர் இறந்தார்கள். அபாயச் சங்கு ஊதவில்லை, விமான இரைச்சலும் இல்லை. வெடித்த பிறகுதான் எதுவோ வானைக் கிழித்துக்கொண்டு வரும் ஓசை கேட்டது. ஒலியைவிட வேகமாக வரும் பொருள் முதலில் விழும், அதன் சத்தம் பின்னால் வரும். வந்தது ஜெர்மனியின் வி-2. சுமார் 300 கி.மீ. தூரத்தை ஐந்து நிமிடத்தில் கடந்து, ஏறக்குறைய ஒரு டன் வெடிபொருளைக் கொண்டுவந்து போட்டது. என்ன விழுகிறது என்று பிரிட்டன் அரசு தன் மக்களிடம் ஒப்புக்கொள்ள நவம்பர் வரை ஆயிற்று.

அதே ஆண்டு ஜூனில் வரத் தொடங்கிய வி-1 வேறு வகை. சிறிய ஆளில்லா விமானம் போன்றது அது. மணிக்கு 600 கி.மீ.யைச் சற்றுத் தாண்டும் வேகம். போர் விமானங்கள் துரத்திச் சுட்டன, பீரங்கிகள் சுட்டன, பலூன்களின் கம்பிகளில் சில சிக்கின. வி-2 மேலே ஏறிவிட்டால் தடுக்க எந்தக் கருவியும் அன்று இல்லை. தடுக்கும் வழியெல்லாம் தரையிலேயே இருந்தது: ஏவும் இடத்தைக் கண்டுபிடித்து அழிக்க வேண்டும், அல்லது அந்த நிலத்தையே கைப்பற்ற வேண்டும்.

வீசிய கல்லைப்போல் வளைந்து விழும் பாலிஸ்டிக் (வி-2), விமானம்போல் பறக்கும் குரூஸ் (வி-1) என்ற இன்றைய இரு பெரும் பிரிவும் அந்த ஒரே ஆண்டில் பிறந்தவை. பின்னாளில் வந்த ஏவுகணை, ராடார், கணினி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: தாக்கப்படுபவரின் கையில் எத்தனை நொடி இருக்கிறது?

ராக்கெட்டா, ஏவுகணையா?

பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம். ஏவிய பின் தன் பாதையைத் தானே திருத்திக்கொள்ள முடியாதது ராக்கெட். திருத்திக்கொள்ள முடிந்தது ஏவுகணை. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை முறியடித்தபோது பயன்படுத்தியவை ராக்கெட்டுகள். காகிதக் குழலுக்கோ மூங்கிலுக்கோ பதிலாக மைசூர்க்காரர்கள் இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்தார்கள். உள்ளே அழுத்தம் கூடினாலும் குழல் தாங்கியதால் உந்துவிசையும் தூரமும் கூடின. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அவை இங்கிலாந்துக்குப் போய், வில்லியம் காங்கிரீவின் ராக்கெட்டுகளுக்கு வழிவிட்டன. ஆனால் எதுவும் குறிபார்த்து விழவில்லை. கூட்டத்தைக் கலைக்கவும் குதிரைகளை மிரட்டவும் வெடிமருந்து வண்டியைக் கொளுத்தவும்தான் உதவின.

ஏவுகணையில் நான்கு உறுப்புகளைப் பார்க்க வேண்டும்: உந்துபொறி, வழிகாட்டும் கருவிகள், வெடிமுனை, இவற்றைத் தாங்கும் உடலும் துடுப்புகளும். ஐந்தாவதாக, யாரும் பேசாத ஒன்று உண்டு: மின்கலம். பத்து, இருபது ஆண்டு கிடங்கில் கிடந்துவிட்டு, பொத்தானை அழுத்திய நொடியில் முழு மின்சாரம் தர வேண்டும். சாதாரண பேட்டரியால் முடியாது. அதற்காக உள்ளே உப்புக் கலவை கட்டியாக உறைந்து கிடக்கும். ஏவும்போது ஒரு சிறு தீப்பொறி அதை உருக்கும், உருகியதும் மின்சாரம் பாயும். சில நிமிடங்களில் ஆறிச் செத்துவிடும். அந்தச் சில நிமிடமே ஏவுகணையின் ஆயுள்.

திட எரிபொருளும் இப்படித்தான், கிடங்கில் பொறுமையாகக் காத்திருக்கும். சோவியத்தின் ஸ்கட் போன்ற பழைய திரவ எரிபொருள் ஏவுகணைக்கு அரிக்கும் அமிலத்தை நிரப்பி ஆயத்தப்படுத்த நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க எதிரியின் கண்ணில் படலாம். திட எரிபொருள் வண்டி மரத்தடியிலிருந்து வெளியே வந்து, ஏவி, சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆனால் வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்கினால் திட எரிபொருளில் விரிசல் விழும். விரிசல் விழுந்த இடத்தில் எரியும் பரப்பு திடீரென்று கூடும், அழுத்தம் எகிறும், பொறியே வெடிக்கும். வெப்பநிலை காக்கும் உறைகுழாய்க்குள் ஏவுகணைகளைப் பூட்டி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லெறியும் கணக்கு

பாலிஸ்டிக் ஏவுகணையை வீசிய கல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பொறி முதல் சில நிமிடம் மட்டும் எரியும். அணைந்த பிறகு மீதிப் பயணம் முழுவதும் புவியீர்ப்பின் கையில். 300 கி.மீ. போக வேண்டுமென்றால் பொறி அணையும் நேரத்தில் நொடிக்குச் சுமார் 1.7 கி.மீ. வேகம் தேவை. ஏறும் உயரம் தூரத்தில் நாலில் ஒரு பங்கு. 600 கி.மீ. தூரத்துக்கு ஆறு ஏழு நிமிடம் ஆகும். கண்டம் விட்டு கண்டம் பாயும் ஏவுகணை 10,000 கி.மீ.யை அரை மணி நேரத்தில் கடக்கும்.

இதில் துல்லியம் ஏன் கடினம் என்பதைக் கணக்கே காட்டும். 300 கி.மீ. ஏவுகணையின் பொறி அணையும் வேகத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் பிசகினால், விழும் இடம் 350 மீட்டர் தள்ளிப்போகும். மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவான பிழை அது! அதனால்தான் திசை மாற்றத்தை உணரும் ஜைரோஸ்கோப்பும் வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானியும் ஏவுகணையின் உயிர். துல்லியத்தை ஒரு வட்டத்தால் அளக்கிறார்கள்: ஏவியவற்றில் பாதி எந்த வட்டத்துக்குள் விழுகின்றனவோ, அதன் ஆரம். பழைய ஸ்கட்-பி-க்கு இது ஏறக்குறைய அரை கி.மீ. அப்படிப்பட்ட ஆயுதத்தால் ஒரு பாலத்தை அடிக்க முடியாது, ஒரு ஊரை மட்டுமே அடிக்க முடியும். 1940-களிலிருந்து 1980-கள் வரை பாலிஸ்டிக் ஏவுகணை என்றால் நகரத்தை மிரட்டுவதும் அணுகுண்டைச் சுமப்பதும் என்றே இருந்ததற்கு இந்த வட்டம் பெரிய காரணம். வட்டம் பத்து மீட்டராகச் சுருங்கியபோது ஒரு விமானக் கொட்டகை, ஒரு பாலத்தூண், ஒரு ராடார் வண்டி என்று இலக்கும் சுருங்கியது. வழிகாட்டல் கூர்மையானதால் வெடிமருந்து குறைந்தாலும் வேலை நடந்தது.

குரூஸ் ஏவுகணை விமானத்தைப் போலக் காற்றில் மிதந்து, பொறி எரிந்தபடியே போகும். வேகம் பெரும்பாலும் மணிக்கு 800, 900 கி.மீ. பிரம்மோஸ் போன்றவை ஒலியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு மணி நேரம் பறந்தால் நல்ல தரமான ஜைரோஸ்கோப்புகூட ஒன்றரை, இரண்டு கி.மீ. வழி தவறும். ஆகவே நடுவில் திருத்தம் வேண்டும். செயற்கைக்கோள் குறிப்பு ஒரு வழி. கீழே உள்ள மேடுபள்ளத்தை அளந்து சேமித்த வரைபடத்தோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. முதலாவதை எதிரி இரைச்சல் அலைகளால் குழப்பலாம். இரண்டாவது, மேடுபள்ளமே இல்லாத மணல்வெளியிலும் கடல்மேலும் தடுமாறும். அதனால் இரண்டையும் சேர்த்து வைக்கிறார்கள்.

வேகம் குறைந்த குரூஸ் ஏவுகணை எப்படித் தப்புகிறது? பூமி உருண்டை என்பதால். ராடார் அலை நேர்கோட்டில் போகும், அடிவானத்துக்குக் கீழே இருப்பதைக் காணாது. காணும் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ராடாரின் உயரத்தின் வர்க்கமூலம், இலக்கின் உயரத்தின் வர்க்கமூலம், இரண்டையும் மீட்டரில் எடுத்துக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும். கப்பலில் 20 மீட்டர் உயரத்தில் ராடார், நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே வரும் ஏவுகணை என்றால் சுமார் 27 கி.மீ. நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் அது வந்தால், கண்ணில் பட்டதிலிருந்து கப்பலில் இடிக்க 90 நொடி. கண்டுபிடிப்பது, யாருடையது என்று உறுதிசெய்வது, உத்தரவு, ஏவுதல் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

கடற்படைகள் இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றன. 1967 அக்டோபர் 21 அன்று எகிப்தின் சிறு படகுகள் ஏவிய சோவியத் ஏவுகணைகள் இஸ்ரேலின் எய்லாட் கப்பலை மூழ்கடித்தன. 47 மாலுமிகள் மாண்டார்கள். கைக்கடக்கமான ஒரு படகு போர்க்கப்பலை அடிக்கலாம் என்பது அன்று நிரூபணமானது. 1971 டிசம்பர் 4 இரவு நிபாட், நிர்காட், வீர் என்ற மூன்று இந்திய ஏவுகணைப் படகுகள் அதே குடும்பத்து ஏவுகணைகளால் கராச்சி அருகே பாகிஸ்தானின் கைபர் நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. கடற்கரையைக் காக்க வாங்கிய, எரிபொருள் அதிகம் கொள்ளாத படகுகள் அவை. பெரிய கப்பல்கள் துணைக்குப் போயின. அந்த நாளே இன்றும் இந்தியக் கடற்படை நாள். 1982 மே 4-ல் ஃபாக்லாந்து போரில் எக்சோசே ஏவுகணை பிரிட்டனின் ஷெஃபீல்ட் போர்க்கப்பலைத் தாக்கி 20 பேரைக் கொன்றது.

0.34 நொடி

தடுப்பது எப்படி என்பதை விளக்க ஒரே ஓர் இரவு போதும். 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவூதி அரேபியாவின் தாஹ்ரான். ஈராக் ஏவிய ஸ்கட் ஓர் அமெரிக்கப் படைக் குடியிருப்பில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே பேட்ரியட் தடுப்பு ஏவுகணை அணி விழித்திருந்தது. ஆனால் அது ஏவவே இல்லை.

பேட்ரியட்டின் ராடார் ஒரு பொருளைக் கண்டதும், அடுத்து அது எங்கே இருக்கும் என்று வேகத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிடும். வானத்தில் அந்தச் சிறு சதுரத்தை மட்டும் மறுபடி பார்க்கும். அங்கே பொருள் இருந்தால் ஏவுகணை, இல்லையென்றால் பிழைத்தோற்றம் என்று விட்டுவிடும். நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது கணினி. பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதினால் முடிவில்லாமல் நீளும், நம் தசமத்தில் மூன்றில் ஒன்று நீள்வது போல. 24 இலக்கத்தோடு வெட்டியதால் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு குறைந்தது. எட்டு மணி நேரத்தில் இது பெரிதாகத் தெரியாது. அந்த அணியோ நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்த பிழை 0.34 நொடி. நொடிக்கு 1,600 மீட்டருக்கு மேல் வரும் ஸ்கட் அதற்குள் அரை கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். ராடார் தவறான சதுரத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை.

கருவியை அணைத்து மீண்டும் போட்டிருந்தால் பிழை பூச்சியமாகியிருக்கும். அதற்கு ஓரிரு நிமிடம் போதும். இரண்டு வாரம் முன்பே, அதே பேட்ரியட்டை வைத்திருந்த இஸ்ரேலியர்கள் பிழையைக் கவனித்துச் சொல்லியிருந்தார்கள். 'மிக நீண்ட நேரம் ஓடினால் பிசகும்' என்ற அறிவிப்பும் களத்துக்குப் போனது. எத்தனை மணி நேரம் 'மிக நீண்ட நேரம்' என்று அதில் இல்லை. திருத்திய மென்பொருள் தாஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. ஒருநாள் தாமதம். பேட்ரியட் முதலில் வடிவமைக்கப்பட்டது விமானங்களுக்கு எதிராக, அடிக்கடி இடம் மாறி, சில மணி நேரமே தொடர்ந்து இயங்குவதற்காக. அதன் வேலையை மாற்றியவர்கள் அதன் கடிகாரத்தை மறுபடி யோசிக்கவில்லை. இந்த ஒரு விவரத்துக்காகவே படைக்கலம் படிக்கும் எவரும் தாஹ்ரானைப் படிக்க வேண்டும் என்பேன்.

அந்தப் போரில் வேறொரு சிக்கலும் இருந்தது. தூரம் கூட்டுவதற்காக ஈராக்கியர்கள் ஸ்கட்டின் தொட்டியை நீட்டி, வெடிமுனையைக் குறைத்திருந்தார்கள். திரும்பி வளிமண்டலத்தில் நுழையும்போது உடல் தாங்காமல் உடைந்து, துண்டு துண்டாகச் சுழன்று விழுந்தது. எந்தத் துண்டில் வெடிமுனை என்று ராடாருக்குப் புரியவில்லை. அருகில் போய் வெடித்துச் சில்லுகளைத் தெறிக்கவிடும் அன்றைய பேட்ரியட், வால் பகுதியைத் துளைத்தாலும் வெடிமுனை தன் வழியில் விழுந்தது. எதிரெதிரே வரும் இரண்டும் நொடிக்கு மூன்று கி.மீ. வேகத்தில் நெருங்கினால், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிப் பிசகு மூன்று மீட்டர். பிறகு வந்த பேட்ரியட்டின் பிஏசி-3 வகை இந்தச் சில்லு முறையைக் கைவிட்டு, வெடிமுனை மீதே நேராக மோதி நொறுக்குகிறது.

ஏவிய வண்டிகளையாவது பிடித்தார்களா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை விமானங்கள் தேடிப் பறந்தன. நடமாடும் ஏவுவண்டி ஒன்றையாவது வானிலிருந்து அழித்ததற்கு ஐயமற்ற சான்று பின்னர் நடந்த ஆய்வில் கிடைக்கவில்லை.

விலையும் எண்ணிக்கையும்

தடுப்பவர் ஒவ்வொரு முறையும் வெல்ல வேண்டும். ஒரு தடுப்பு ஏவுகணை நூற்றுக்கு 80 முறை வெற்றி பெறுமானால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏவினால் 96. நூறு வந்தால் இருநூறு செலவழித்தும் நான்கு உள்ளே விழும். இந்தக் கணக்கும் இரண்டு ஏவுகணைகளும் தனித்தனியே தவறும் என்ற நம்பிக்கையில் போட்டது. தாஹ்ரானில் போல இரண்டுக்கும் ஒரே கடிகாரம் பிசகினால், இரண்டு ஏவினாலும் இருபது ஏவினாலும் பலன் ஒன்றுதான்.

2011 முதல் இயங்கும் இஸ்ரேலின் அயர்ன் டோம் இதற்கு ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டது: எல்லாவற்றையும் தடுக்காதே. வரும் ராக்கெட்டின் வளைவை ராடார் அளந்து, விழும் இடத்தைக் கணிக்கும். வெட்டவெளியில் விழுமானால் விட்டுவிடும், குடியிருப்பில் விழுமானால் மட்டும் ஏவும். வழிகாட்டல் இல்லாத ராக்கெட் தன் வளைவை மாற்றாது என்பதால் இது முடிகிறது. இருந்தும் காசாவை ஒட்டிய ஊர்களில் சங்கு ஊதியதிலிருந்து விழும்வரை மக்களுக்கு 15 நொடிதான். 2023 அக்டோபர் 7 காலையில் போல ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் வந்தால், ஏவுகுழல்கள் காலியாகும் முன் எத்தனை தடுக்கலாம் என்ற எண்ணிக்கைப் போராகிவிடுகிறது.

உக்ரைனில் விலை இன்னும் கொடூரமாகத் தெரிகிறது. ரஷ்யா ஏவும், ஈரான் வடிவமைத்த ஷாஹெத்-136 டிரோன் மணிக்கு 180 கி.மீ. சுமாரில் பறக்கிறது. விலை 20,000 முதல் 50,000 டாலர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு பிஏசி-3 ஏவுகணையின் விலை ஏறக்குறைய 40 லட்சம் டாலர். ஒன்றுக்கு ஒன்று ஏவினால் கஜானா முதலில் தோற்கும், அதைவிட முக்கியமாகக் கிடங்கு தோற்கும், ஏனென்றால் அந்தத் தடுப்பு ஏவுகணையைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். ஆகவே டிரோனுக்கு லாரியில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கி, ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும் ஒலிவாங்கிகள், ஜெர்மனியின் பழைய கெபார்ட் இரட்டைப் பீரங்கி, மலிவான தடுப்பு டிரோன். பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும் பேட்ரியட். எதற்கு எதை ஏவக்கூடாது என்று தெரிந்திருப்பது இன்றைய வான்பாதுகாப்பின் பாதி வேலை.

2024 ஏப்ரல் 13 இரவு ஈரான் இஸ்ரேலை நோக்கி டிரோன், குரூஸ், பாலிஸ்டிக் என்று மொத்தம் 300-க்கு மேல் ஏவியபோது இந்த நேர வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது. டிரோன்கள் மணிக்கணக்கில் பறந்ததால் போர் விமானங்கள் வழியிலேயே வேட்டையாடின. பாலிஸ்டிக் ஏவுகணைகள் கால் மணி நேரத்துக்குள் வந்தன, அவற்றைத் தனி வகை ஏவுகணைகளே வெகு உயரத்தில் எதிர்கொண்டன. ஐந்தாண்டு முன்பு, 2019 செப்டம்பர் 14-ல், சவூதியின் அப்கைக், குரைஸ் எண்ணெய் நிலையங்களைத் தாழப் பறந்த டிரோன்களும் குரூஸ் ஏவுகணைகளும் தாக்கியபோது, நாளுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. விலையுயர்ந்த ராடார்கள் நாட்டில் இருந்தன. தாழப் பறப்பது அவற்றின் கண்ணில் படவில்லை.

அவசரத்தில் தவறு

நேரம் சுருங்கும்போது தவறுவது கருவி மட்டுமில்லை. 1988 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் வின்சென்ஸ் கப்பல் ஈரானின் பயணிகள் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். விமானம் தரையை விட்டதிலிருந்து சுட்டது வரை ஏழு நிமிடம். விமானம் ஏறிக்கொண்டிருந்தது என்று கப்பலின் சொந்தப் பதிவுகளே காட்டின. பதற்றத்தில் இருந்த மாலுமிகள் அது இறங்கித் தாக்க வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 2020 ஜனவரி 8-ல் தெஹ்ரான் அருகே 176 பேருடன் உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் படையே வீழ்த்தியது. இடம் மாற்றிய ராடார் வண்டியில் வடதிசையைச் சரிசெய்யாமல் விட்டதால் சுமார் 105 பாகை பிசகியிருந்தது என்று ஈரானின் விசாரணை சொன்னது. நகரத்திலிருந்து கிளம்பிய விமானம், திரையில் வெளியிலிருந்து வருவதாகத் தெரிந்தது. வண்டி இடம் மாறினால் முதலில் வடக்கைச் சரிபார் என்பது பயிற்சியின் தொடக்கப் பாடம்.

இந்தியாவும் பாகிஸ்தானும் பக்கத்துப் பக்கத்து நாடுகள் என்பதால் நமக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தலைமையில் 1983-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்திலிருந்து பிருத்வி 1988-லும் அக்னி 1989-லும் பறந்தன. சென்னையிலிருந்து திருச்சிக்குள்ள தூரத்தைப் பிருத்வி வகை ஏவுகணை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். பனிப்போரில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் அரை மணி நேரம் இருந்தது.

2022 மார்ச் 9 மாலை இந்தியாவிலிருந்து ஓர் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பியது. 124 கி.மீ. பாகிஸ்தானுக்குள் பறந்து மியான் சன்னு அருகே விழுந்தது. எல்லை கடந்தபின் நான்கு நிமிடத்துக்கும் குறைவான பயணம். எதுவும் வெடிக்கவில்லை, உயிரிழப்பும் இல்லை. பராமரிப்பின்போது நேர்ந்த கோளாறு என்று சொல்லி இரண்டு நாள் கழித்து இந்தியா வருத்தம் தெரிவித்தது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் அறிவிக்க இரு நாடுகளும் 2005 அக்டோபரில் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அது பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும். குரூஸ் ஏவுகணைகள் அதில் இன்றுவரை சேரவில்லை.